தொலைதூரக் கல்வி என்ற பாடத்திலேயே எம்.ஏ. படித்தவர்கள் வேலூர் பக்கம் இருக்கிறீர்களா?

வணக்கம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்காக்களுக்கு மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு நாள் வராமல் போனால் கூச்சப்பட்டே நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்குப் பாடம் எழுதுவது எப்படி, பாதியில் விடாமல் கொண்டுசெல்வது எப்படி என்று முறையாகக் கற்க வேண்டும்.

அதனால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூரக் கல்விப் பாடத்தில் எம்.ஏ. சேரப் போகிறேன், இரண்டு வருடம். கட்டணம் சமாளித்துவிடுவேன். பயம் அசைன்மென்ட்தான், நான் தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் எப்படி எழுதிப் பழகினீர்கள்? ஜூன், டிசம்பர் தேர்வுகளை வேலூரிலேயே எழுதினீர்களா, சென்னைக்குப் போனீர்களா? அப்புறம், பழைய பாடப்புத்தகம் இருந்தால் காட்பாடி வந்து வாங்கிக்கொள்கிறேன்.