மறு: கூட்டுப் பொறுப்பா, பகிர்ந்த பொறுப்பா? "தோள்பொறுப்பு" என்று வைக்கலாமா?

வணக்கம்.

தலைவர் இல்லாத குழுவில் எல்லாரும் சேர்ந்து சுமக்கும் பொறுப்புக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த மடல் இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஐயா ஒருவர் இங்கே எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

> கூட்டுப் பொறுப்பு என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

நல்ல சொல்தான் ஐயா, ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 75(3) அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. ஒருவர் எடுத்த முடிவுக்கு எல்லாரும் நிற்க வேண்டும், கவிழ்ந்தால் மொத்தமாகக் கவிழ வேண்டும். அங்கே மேலே பிரதமர் இருக்கிறார். நாம் பெயர் தேடுவது மேலே யாருமே இல்லாத குழுவின் பொறுப்புக்கு.

அப்படிப்பட்ட குழு ஒன்றில்தான் நான் வேலை பார்க்கிறேன். தரமணிப் பக்கம், பதினோரு பேர், மேலாளர் கிடையாது, எந்த வேலையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். போன வருடம் எங்கள் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று குழு முகவரிக்கு மெயில் வந்தது. 30 நாள் இருக்கும்போது ஒன்று, 7 நாள் இருக்கும்போது ஒன்று, முந்தின நாள் ஒன்று. பதினோரு பேரும் பார்த்தோம். நான் மூன்றையும் திறந்து படித்தேன், யாராவது புதுப்பித்திருப்பார்கள் என்று நினைத்தேன், மூடினேன். வெள்ளிக்கிழமை காலையில் வாடிக்கையாளர் திரையெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று பாட்டி சொல்வதை அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இதை 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் உதவிக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 சதவீதமாக இறங்கிவிட்டது.

"பகிர்ந்த பொறுப்பு" எனக்கு ஒட்டாததும் இதனால்தான். பகிர்வது என்றால் பங்கு போடுவது. ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்குக் கால்வாசி. பொறுப்பையும் அப்படிப் பிரித்தால் எனக்கு வருவது பதினோரில் ஒரு பங்கு, அது கனக்கவே கனக்காது. அந்த மெயில்களை நான் மூடியபோது எனக்கு எந்தக் கனமும் தெரியவில்லை.

நான் போகும் கிறிஸ்தவ சபையிலும் இதே கதைதான், அங்கே வலி அதிகம். போதகர், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி என்று மேலே ஒரு வரிசை உண்டு, ஆனால் ஏரியா ஜெபக்குழுக்கள் தாமாக நடப்பவை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியபோது, தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ஓர் ஆன்ட்டியை யாராவது பார்த்தீர்களா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். சிக்னல் கிடைத்தவர்கள் எல்லாரும் கூப்பிய கை படம் போட்டோம். நானும் போட்டேன். இரண்டு நாள் அவர் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார், கடைசியில் படகில் ஏற்றி வந்தது மாடி வீட்டுப் பையன்கள்.

சரி, "ஊர்ப்பொறுப்பு" என்று வைக்கலாம் என இந்த இழையில் அம்மா ஒருவர் சொன்னதற்கு வருகிறேன். ஊர் கூடித் தேர் இழுப்பது அழகான படம், மயிலாப்பூர்த் தேரை நானும் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் வடத்தில் கை வைத்தவர் எல்லாரும் இழுக்கிறார்களா என்பது வெளியே தெரியாது. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து 1913-இல் வெளியிட்டார்: ஆள் சேரச் சேர ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனது.

எனக்குச் சொல் கிடைத்தது ஒரு சவ அடக்கத்தில். எங்கள் சபை மூப்பர் ஒருவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் தூக்கிக்கொண்டு போனோம், ஆறு பேர். ஒருவர் தோளைத் தாழ்த்தினால் மற்ற ஐந்து பேருக்கும் உடனே தெரியும், பெட்டி அந்தப் பக்கம் சாயும். களைத்தால் விடலாம், ஆனால் பின்னால் வந்தவர் தோள் கொடுத்து "வச்சுட்டேன்" என்று சொன்ன பிறகுதான் விலக முடியும். அதற்குப் பேரே தோள் மாற்றுவது. நாம் தேடும் கருத்துக்குத் தேவையான இரண்டும் இதில் இருக்கின்றன: கனம் எல்லார்மேலும் இருக்கிறது, கைவிடுவது வாய்விட்டுச் சொல்லி நடக்கிறது.

ஆகவே தோள்பொறுப்பு. பொறுப்பு என்பதே பொறு, அதாவது தாங்கு என்ற வேரிலிருந்து வந்தது என்பதால் தோள் அதற்கு வெளி ஆள் கிடையாது. தோள்பொறுப்பாளர், தோள்பொறுப்புக் குழு, ராத்திரி டியூட்டி மாறுவதற்குத் தோள்மாற்று என்று கிளைச்சொற்களும் வரும். தோட்பொறுப்பு என்று புணர வேண்டாமா என்று கேட்பீர்கள். தோள்பட்டை, தோள்பை என்று வழக்கில் நிற்கின்றன, இதையும் அப்படியே விடலாம் என்பது என் கருத்து.

விவிலிய மொழிபெயர்ப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் 2-ஆம் வசனமும், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்னும் 5-ஆம் வசனமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள், முதலாவது பாரோஸ், அடுத்தது ஃபோர்தியோன். தமிழில் இரண்டும் "பாரம்" ஆகிவிட்டது. முதலாவதை விளக்கும் குறிப்புகளில் தோள்பொறுப்பு பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமாக அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன். "சான்றிதழ் இப்ப யார் தோள்ல இருக்கு?" என்று கேட்டால் யாரும் விளக்கம் கேட்பதில்லை, ஒருவர் பெயரைச் சொல்கிறார்கள். ஏரியா ஜெபக்குழுவிலும் தனியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஆன்ட்டி இப்போது எங்கள் வீட்டுத் தோளில்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து