ஆன் ஆகாத லேப்டாப்: சரி பண்ணவா, அப்படியே வித்துடவா?

மேலூர்வாசி:
7-ம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர் லேப்டாப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கரண்ட் போய் வந்ததிலிருந்து ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் லைட்டும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. மதுரையில் ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, 4,500 ஆகும். வேண்டாம்னா இப்படியே 3,000-க்கு எடுத்துக்கிறோம்" என்கிறார்கள். ஓடுகிற நிலையில் இதே மாடலுக்கு 11,000 வரை விலை போட்டிருக்கிறார்கள். தங்கச்சியின் காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க உள்ளே இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணே?

சிப்லெவல்:
திறக்காம சொன்ன விலைக்குத் தலையாட்டாதீங்க தம்பி. முதல்ல சார்ஜர். மல்டிமீட்டரை (வோல்ட் அளக்குற கருவி) டிசி வோல்ட்டுல வச்சு, சிவப்பு முனையை சார்ஜர் பின்னோட (லேப்டாப்ல சொருகுற முனை) உள்வளையத்துலயும் கறுப்பை வெளிவளையத்துலயும் வைங்க. நடுவுல மெல்லிய ஊசி இருந்தா அதைத் தொட வேண்டாம், அது சார்ஜரை அடையாளம் காட்ட மட்டும்தான். சார்ஜர்ல 19.5 வோல்ட்னு எழுதியிருந்தா அதை ஒட்டி வரணும்.

அடுத்து பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. சார்ஜர் இல்லாம பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிங்க. அப்புறம் சார்ஜரை மட்டும் சொருகிப் பாருங்க. ஆன் ஆனா சந்தோஷம். ஆகலைன்னா, சொருகும்போது சார்ஜர் லைட் என்ன ஆகுதுன்னு கவனிச்சுச் சொல்லுங்க. பாதி விடை அதுலயே கிடைச்சிடும்.

மேலூர்வாசி:
19.4 காட்டுகிறது. ஆனால் சொருகியதும் சார்ஜர் லைட் அணைகிறது, பிடுங்கினால் திரும்ப எரிகிறது. பேட்டரி கழற்றியும் அப்படித்தான்.

சிப்லெவல்:
அப்ப ஷார்ட், அதாவது எங்கேயோ கரண்ட் போகக்கூடாத குறுக்கு வழியில பாயுது. சார்ஜர் தன்னைக் காப்பாத்திக்க அணையுது. திரும்பத் திரும்பச் சொருகிப் பாக்காதீங்க. சார்ஜர் ஜாக் தனி ஒயரா இருந்தா போர்டுலேர்ந்து அதைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை சொருகுங்க. அப்பவும் அணைஞ்சா ஜாக்தான் கெட்டது, சின்னச் செலவு. அணையலைன்னா ஷார்ட் போர்டுல.

போர்டுல ரெண்டு விதம் இருக்கு. 19 வோல்ட் லைன்ல (சார்ஜர் கரண்ட் வர்ற பாதை) ஒரு செராமிக் கெப்பாசிட்டரோ (கரண்டைச் சேர்த்து வைக்கிற சின்னப் பாகம்) மாஸ்ஃபெட்டோ (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற பாகம்) ஷார்ட் ஆகியிருந்தா நல்ல வேலைக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. பவர் சப்ளையிலேர்ந்து 1 வோல்ட் மாதிரி குறைவாக் கொடுத்து, எது சூடாகுதுன்னு பாப்பாங்க. சீக்கிரம் ஆவியாகிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவினா சூடான இடத்துல முதல்ல காயும். அந்த ஒரு பாகத்தை மாத்தினா போதும்.

ப்ராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற மேல் மாஸ்ஃபெட் (19 வோல்ட் பக்கம் இருக்கிறது) ஷார்ட் ஆகியிருந்தா கதை வேற. 1 வோல்ட் அளவு போக வேண்டிய இடத்துக்கு 19 நேராப் பாஞ்சிருக்கும். லேப்டாப்ல ப்ராசசர் போர்டோட சால்டர் பண்ணினது, அதனால பெரும்பாலும் போர்டையே மாத்தணும். கடைக்காரர்கிட்ட "ஷார்ட் எந்த லைன்ல?"ன்னு கேளுங்க. அளந்து பதில் சொல்றவர்கிட்ட கொடுங்க. ஹீட் கன்னால போர்டைச் சூடாக்கி ஓட வைக்கிறேன்னா வேண்டாம், ஷார்ட் அப்படிப் போகாது.

பழையசாமான்:
எங்கே கொடுத்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள் தம்பி. ஷார்ட்டைத் தேட அது தேவையே இல்லை. எம்.2 வகையென்றால் (மெல்லிய பட்டை போன்ற கார்டு) என்விஎம்இ, சாட்டா என்ற இரண்டு இணைப்பு முறைகளையும் ஏற்கும் யுஎஸ்பி கேஸ் வாங்கி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ப்ராஜெக்டை இன்றே எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) கீ கேட்டால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் கணக்கிலேயே இருக்கும்.

விலையைப் பொறுத்தவரை, 11,000 என்பது போட்டிருக்கிற விலைதான், கைக்கு வருகிற விலை அல்ல. 7-ம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வாங்க வருகிறவர் இதைச் சொல்லியே குறைப்பார். 8,500-க்குப் போனால் 4,500 கழித்து மிச்சம் 4,000. அதற்காக 3,000-ஐ விட்டுவிட்டு ரிப்பேர் பண்ணி விற்பது வீண் அலைச்சல். வீட்டில் வைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் சரி பண்ணுங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் தங்கச்சி படிப்புக்கு இன்னும் நன்றாகவே ஓடும்.

விற்பதென்றால் ரேம், எஸ்எஸ்டி, சார்ஜர் மூன்றையும் எடுத்துவிட்டு விலை கேளுங்கள். டிஸ்ப்ளே, கீபோர்டு, பாடி நன்றாக இருந்தால் உதிரிப் பாகத்துக்காகவே எடுப்பார்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள்.

சிப்லெவல்:
அண்ணன் சொல்றது சரி. ரிப்பேருக்குக் கொடுத்தா "சரியாகலைன்னா செக்கிங் சார்ஜ் எவ்வளவு, சரியானா வாரண்டி எத்தனை நாள்"னு பில்லிலேயே எழுதி வாங்கிக்கோங்க. ரேமை உள்ளே விட்டுக் கொடுக்கிறதா இருந்தா ஸ்டிக்கர் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க.