மறுமொழி: ‘பைண்டிங் பொட்டென்ஷியல்’ தமிழில்?

> அல்சைமர் நோயில் செரட்டோனின் ஏற்பிகளை, அதாவது செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் மூளைச் செல் புரதங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் பற்றி எழுதுகிறேன். ஏற்பியோடு மருந்து எவ்வளவு பிணைகிறது என்று காட்டும் ‘பைண்டிங் பொட்டென்ஷியல்’ என்ற எண்ணுக்குப் ‘பிணைப்பாற்றல்’ போடலாமா ஐயா?

வேண்டாம். பிளஸ் டூ இயற்பியலில் அது அணுக்கருவுக்குப் போய்விட்டது. தவிர, இங்கே ஆற்றல் எதையும் அளக்கவில்லை.

செரட்டோனின் ஏற்பிகளில் 1ஏ என்ற வகையை எடுத்துக்கொள்வோம். ஃபுளூரின்-18 ஏற்றிய எம்பிபிஎஃப் என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்துகிறார்கள். அரைவாழ்வு 110 நிமிடம். நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஏற்பி நிறைய, சிறுமூளையில் அநேகமாக இல்லை. அதனால் சிறுமூளையில் தெரிவது ஏற்பியில் பிணையாத மருந்து, வெறும் பின்னணி. சமநிலையில் மருந்தின் அளவு ஹிப்போகேம்பஸில் 2.5, சிறுமூளையில் 1 என்று வைத்தால், 2.5-இல் 1 போக மீதி 1.5, அதை 1-ஆல் வகுக்க 1.5. அவ்வளவுதான் சங்கதி, ஒரு விகிதம்.

‘ஏற்பி அடர்த்தி’ என்று எழுதுவது இன்னும் மோசம். 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, அல்சைமர் நோயாளிகளின் ஹிப்போகேம்பஸில் இந்த எண் குறைந்திருப்பதைக் காட்டியது. ஆனால் அந்தப் பகுதியே நோயில் சுருங்குகிறது. ஸ்கேனரின் பிரிதிறன் சில மில்லிமீட்டர்தான் என்பதால் பக்கத்து மூளைத் தண்டுவட நீரும் சேர்ந்து சராசரியாகி, ஏற்பி குறையாவிட்டாலும் எண் இறங்கும். எம்ஆர்ஐ வைத்துத் திருத்தினார்களா என்று பார்க்காமல் ‘ஏற்பி அழிந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். வகுக்கும் எண்ணாலும் கெடும்: 2ஏ என்ற இன்னொரு வகை ஏற்பிக்கான கதிரியக்க மருந்து ஆல்டன்செரின் உடலில் சிதைந்து வரும் பொருள்கள் மூளைக்குள் நுழைந்து பின்னணியை ஏற்றிவிடும், விகிதம் விழும்.

என் பரிந்துரை: பிணைதகவு. பொறியியல் தமிழில் தகவு என்றால் விகிதம்.

—

மறுமொழி: மறுமொழி: ‘பைண்டிங் பொட்டென்ஷியல்’ தமிழில்?

பிணைதகவு எனக்கும் சம்மதம், ‘தகவல்’ என்று படிக்கிறவர்கள் நாலு பேர் இருப்பார்கள் என்றாலும். ஒரு திருத்தம். ஐயா சொன்னது மூன்றில் ஒன்று மட்டுமே. 2007-இல் இசைந்த பெயரிடலில் எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று உண்டு: திசுவிலேயே ஏற்பியில் பிணையாத (‘இடம்பெயரா’) மருந்தால், அதாவது ஐயா சொன்ன பின்னணியால், பிளாஸ்மாவின் மொத்த மருந்தால், பிளாஸ்மாவில் புரதத்தோடு ஒட்டாத மருந்தால். முதலாவதுக்கு அலகில்லை, மற்ற இரண்டும் மி.லி./க.செ.மீ. அவற்றுக்குத் தமனியில் ரத்தம் எடுத்தாக வேண்டும், சிறுமூளை போதாது. ஆகவே வெறும் ‘பிணைதகவு’ என்று நிறுத்தாமல் திசுப் பிணைதகவு, பிளாஸ்மாப் பிணைதகவு, தனிமருந்துப் பிணைதகவு என்று அடைகொடுத்தே எழுதுங்கள். உங்கள் கட்டுரைக்கு முதலாவது.