கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: புள்ளிக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

நாற்பதை நெருங்கும்போது நர்சிங் சேரலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் நியூ ஜெர்சியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது ரெண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், 37 வயதில் சேர்ந்து முடித்தவள், அதனால் எழுதுகிறேன். ரெண்டு வருடப் படிப்பு என்று சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அனாடமி, மைக்ரோபயாலஜி எல்லாம் முதலில் முடித்தாக வேண்டும், எனக்கு அதற்கே ஒன்றரை வருடம் போனது, பிள்ளைகள் தூங்கின பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எலும்புகளின் பெயரைப் படிப்பேன்.

மனப்பாடம் நமக்குக் கைவந்த விஷயம். நான் மாட்டிக்கொண்டது மருந்து அளவுக் கணக்கில். 90 சதவீதம் எடுத்தால்தான் வார்டுக்குள் விடுவார்கள். கணக்கெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, அவசரத்தில் மூன்று இடத்தில் .5 மில்லி என்று எழுதியிருந்தேன். மூன்றும் தவறு, ஃபெயில். அழுகையே வந்துவிட்டது. பேராசிரியை என்னை உட்கார வைத்து, ஒரு தாளில் .5 என்று எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வந்து நீட்டினார். புள்ளியைக் காணோம். வெறும் 5. அதாவது பத்து மடங்கு மருந்து! 0.5 என்றுதான் எழுத வேண்டும், அதே மாதிரி 5.0 என்று எழுதவே கூடாது, 50 ஆகத் தெரியும். மறுதேர்வு எழுதித்தான் உள்ளே போனேன்.

முதல் கிளினிக்கல், அதாவது நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி, ஒரு முதியோர் இல்லத்தில். பக்கவாதம் வந்த தாத்தா ஒருவர், விழுங்கவே சிரமம், தண்ணீரில்கூட ஒரு பவுடரைக் கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீர் ஒரு வாய் கேட்டார். கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். தாகம் என்று கேட்பவருக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமே கிடையாது, நெஞ்சு அடைத்துக்கொண்டது. அங்கிருந்த நர்ஸிடம் ஓடினேன். பஞ்சுக் குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடச் சொன்னார். செய்தேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈரத்தை மெதுவாகச் சப்பினார்.

பதில்:

அக்கா, நான் டெக்சஸ். பகலில் வகுப்பு, வார இறுதியில் நர்ஸிங் உதவியாளர் வேலை. எனக்குக் கஷ்டமாக இருந்தது "முதலில் என்ன செய்வீர்கள்" வகைக் கேள்விகள்தான், நாலு விடையும் சரியாகவே இருக்கும்! மூச்சுக்கு ஆபத்து யாருக்கு என்று பார்க்கப் பழகின பிறகுதான் பிடிபட்டது. ரெண்டு வருடப் படிப்பு மட்டம் என்று சொந்தக்காரர்கள் சொன்னால் கலங்காதீர்கள். நாலு வருட நர்சிங் பட்டமான பிஎஸ்என் முடித்தவர்களும் நாமும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்தான், நர்ஸ் உரிமத்துக்கான கம்ப்யூட்டர் தேர்வு, குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. எனக்கு 85லேயே திரை நின்றுவிட்டது, பாஸா ஃபெயிலா தெரியாமல் காரில் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு நாள் கழித்து வந்தது, பாஸ். முதல் போன் அம்மாவுக்கு, அங்கே அப்போது விடியற்காலை நாலு மணி.