வெற்றுக் கட்டத்தில் பூச்சியம் போட்ட நாள்

கொழும்பு 11, மொத்த வியாபாரக் கணக்கர்:

புறக்கோட்டையில் பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம் விற்கும் மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். பேரேட்டையும் எக்செல் கோப்புகளையும் விட்டுப் புதிய வணிக மென்பொருளுக்கு மாறியபோது என் கையால் நேர்ந்த பிழையைச் சொல்கிறேன். இதே வேலையில் இறங்கவிருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

412 வாடிக்கையாளர்களின் விவரங்களை ஏற்ற வேண்டியிருந்தது. ‘கடன் எல்லை’ என்ற நிரலில் சிலருக்குத் தொகை இருந்தது, சிலருக்குப் பூச்சியம், சிலருக்கு வெறும் கோடு, 37 பேருக்கு ஒன்றுமே இல்லை. மென்பொருள் கோட்டை ஏற்கவில்லை, எண்தான் வேண்டும் என்றது. இரவு எட்டு மணி. கோடு, வெற்றிடம் எல்லாவற்றையும் பூச்சியமாக்கி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஹட்டனிலிருந்து லொறி வந்தது. இருபது வருடமாக எங்களிடம் பற்று வைத்து வாங்குபவர். மூட்டைகளை நாட்டாமிகள் ஏற்றி முடித்த பிறகு பில் அடிக்கப் போனால், கடன் எல்லை கடந்துவிட்டது என்று மென்பொருள் மறுத்தது. அவர் தொலைபேசியில் முதலாளியிடம் கேட்டது ஒன்றுதான்: “முதலாளி, என்மேல் நம்பிக்கை போய்விட்டதா?” முதலாளி என்னைத் திட்டவில்லை. பழைய பேரேட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். பூச்சியம் என்றால் ரொக்கத்துக்கு மட்டும். கோடு என்றால் கணக்கு முடிந்துவிட்டது. வெறுமையாக விட்டிருந்தால், அந்த மனிதருக்கு எல்லையே வைக்க வேண்டியதில்லை என்று முதலாளியும் அவருடைய தகப்பனாரும் முடிவு செய்திருந்தார்கள் என்று பொருள். கடையின் மிக நம்பிக்கையான 37 பேரை நான் ஒரே இரவில் கடன் கொடுக்கத் தகாதவர்களாக்கியிருந்தேன்.

திருத்துவதும் இலகுவாக இருக்கவில்லை. அந்த 37 கட்டங்களையும் வெறுமையாக்கிக் கோப்பை மீண்டும் ஏற்றினேன். பூச்சியம் அப்படியே நின்றது. ஏற்கெனவே உள்ள பதிவைப் புதுப்பிக்கும்போது வெற்றுக் கட்டம் வந்தால், ‘இதைத் தொடாதே’ என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து கையால்தான் அழித்தேன்.

கொள்விலை நிரலிலும் அதே கதை. பருப்பு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நூறு கிலோ வந்தது. முதல் இரண்டுக்கும் கிலோ 280 ரூபாய், 300 ரூபாய். மூன்றாவதன் பில் கைக்கு வரவில்லை. வெறுமையாக விட்டிருந்தால் சராசரி 290. பூச்சியம் போட்டதால் 193 ஆகிவிட்டது. அந்தக் கணக்கை நம்பி விலை வைத்திருந்தால் ஒவ்வொரு கிலோவிலும் கைநட்டம். எக்செலும் சராசரி எடுக்கும்போது வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

கொழும்பு 13, சம்பளப் பிரிவு:

அண்ணன் எழுதியதை வாசித்ததும் எங்கள் சம்பள மென்பொருள்தான் நினைவுக்கு வந்தது. பிறந்த திகதி இல்லாதவர்களுக்கு அது தானாகவே 1900 சனவரி 1 என்று எழுதிக்கொண்டது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 ஆக்கியிருக்கிறது. ஆகவே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளைகளின் பெயர்கள் ஓய்வு பெறுவோர் பட்டியலில் வந்து நின்றன.

இதற்கு வழி இருந்தது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வரும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாகவே உண்டு. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுகிறார்கள். அதை மறந்தால் ஒரு நாள் பிசகும். இப்படிக் கண்டுபிடித்த திகதியையும் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பதிந்தேன்.

ஆனால் குடும்பப் பெயருக்கு அப்படி வழியே இல்லை. நம்மில் பலருக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். மென்பொருளோ குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. எனக்கு முன் இருந்தவர் சிலருக்குப் புள்ளி வைத்தார், சிலருக்குத் தகப்பன் பெயரைப் போட்டார், சிலருக்குச் சொந்தப் பெயரையே இரண்டு தடவை எழுதினார். வங்கிக் கணக்கிலுள்ள பெயருடன் ஒத்துவராமல் சம்பளம் திரும்பி வந்தது. மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்குக் காத்திருக்கும் ஒருவரிடம் ‘உங்கள் பெயரில் ஒரு பகுதி காணவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அவருடைய பெயர் முழுமையானது. இல்லாத ஒன்றை விடுபட்டதாக நினைப்பது மென்பொருளின் குறை. விற்பவரிடம் பேசி அந்தக் கட்டாயத்தை எடுக்கச் செய்யும்வரை நான் ஓயவில்லை.

வெள்ளவத்தை, தரவுத்தள வேலை:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒரு மருந்துக் கடையின் கையிருப்பை ஏற்றியபோது, காலாவதித் திகதி தெரியாத மருந்துகளுக்கு எதையும் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டோம். அதுதான் சரி. ஆனால் குறித்த திகதிக்கு முன் காலாவதியாகுபவை 310 என்றும், அன்றோ அதற்குப் பிறகோ காலாவதியாகுபவை 884 என்றும் பட்டியல்கள் வந்தன. மொத்தம் 1,240. மீதி 46 இரண்டிலும் இல்லை. தரவுத்தளத்திடம் பட்டியல் கேட்க எழுதும் எஸ்.கியூ.எல். மொழியில் வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. தட்டில் இருந்து முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய 46 பெட்டிகள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருந்தன. அன்றிலிருந்து எந்த அறிக்கை எழுதினாலும், மதிப்பு இல்லாதவற்றுக்கென்று மூன்றாவது பட்டியல் ஒன்றும் எழுதுகிறேன்.

இன்னொன்று: வெள்ளவத்தையின் 00600 என்ற அஞ்சல் குறியீடு எண்ணாக ஏறினால் 600 ஆகிவிடும். அந்த நிரலை ஏற்றுவதற்கு முன்பே எழுத்தாக மாற்றிவிடுங்கள்.

கொழும்பு 11, மொத்த வியாபாரக் கணக்கர்:

சகோதரி சொன்ன மூன்றாவது பட்டியலை இன்றே செய்துவிட்டேன். கடன் எல்லைக்குப் பக்கத்தில் ‘எல்லை நிலை’ என்று இன்னொரு நிரல் திறந்து, ரொக்கம், முடிந்தது, எல்லையில்லை என்று சொல்லாகவே எழுதினேன். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நான்கு பெயர்களுக்கு அவருக்கே நினைவில்லை. அவற்றுக்கு எதிரே ‘கேட்க வேண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.