சீத்தாவில் பூ நிறைய வருது, காய் பிடிக்கவில்லை

செம்மண்காடு:
வணக்கம். நத்தம் பக்கம் செம்மண் நிலத்தில் பாலாநகர் ரகச் சீத்தா ஒட்டுக்கன்று ஒரு ஏக்கர் போட்டிருக்கிறோம். நான்காவது வருஷம், மரம் செழிப்பாகத்தான் இருக்கிறது, சித்திரையில் பூவும் கொத்துக்கொத்தாக வந்தது, ஆனால் முக்கால்வாசி கொட்டிவிட்டது. நின்ற காயும் ஒரு பக்கம் ஒடுங்கி நிற்கிறது. பூ உதிராமல் இருக்க மருந்து அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

மானாவாரி:
மருந்து வேண்டாம் தம்பி. சீத்தாப் பூவில் பெண் பாகம் முதலில் பக்குவமாகும், மகரந்தம் உதிர்கிற நேரத்தில் அது காய்ந்துபோயிருக்கும், அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது அரிது. தேனீயும் இதைச் சீண்டாது, கடுகளவு வண்டுகள்தான் பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டுபோகணும். பழத்தின் மேல் தெரிகிற ஒவ்வொரு புடைப்பும் தனித்தனியாகச் சூல் பிடித்து வருவது. மகரந்தம் சேராத பக்கம் பருக்காது, அதுதான் உங்கள் காயின் கோணல். சித்திரை வெயிலில் பெண் பாகம் சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு மழை விழுந்து காற்றில் ஈரம் வந்தபின் பூப்பது நன்றாகவே பிடிக்கும். அதுவரை மரத்தடியில் காய்ந்த இலைதழையைப் பரப்பி மூடாக்குப் போட்டு லேசாகத் தண்ணீர் கொடுங்கள்.

கொடிக்கால்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. பூக்கிற நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் அந்த வண்டும் செத்துவிடும். மாவுப்பூச்சிக்குப் பயந்துதான் பலர் அடிக்கிறார்கள், அதைப் பரப்புகிற எறும்பு மரத்தில் ஏறாமல் அடித்தண்டில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி கிரீஸ் தடவினாலே பாதி குறையும். அவசரமாகக் காய் வேண்டுமென்றால் கையால் மகரந்தம் சேருங்கள். அர்கா சகன் ரகம் வைத்தவர்கள் நாட்டுச் சீத்தா மகரந்தத்தை எடுத்து இப்படித்தான் செய்கிறார்கள், காயும் பெரிதாக, உருண்டையாக வருகிறது.

செம்மண்காடு:
ரொம்ப நன்றி அண்ணா. ஆண் பூ, பெண் பூ தனித்தனியா? ஏக்கர் முழுக்கச் செய்ய ஆள் கிடைக்காதே.

மானாவாரி:
எல்லாம் ஒரே பூதான் தம்பி, நிலைதான் வேறு. இதழ் நன்றாக விரிந்து, உள்ளே தட்டினால் தூள் கொட்டுகிற பூவிலிருந்து மகரந்தத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். இதழ் லேசாகப் பிரிந்து, உள்ளே பிசுபிசுப்பாக இருக்கிற பூவில் மெல்லிய தூரிகையால் சுற்றித் தடவுங்கள், வெயில் ஏறுமுன் முடித்துவிடணும். எல்லா மரமும் வேண்டாம், கைக்கு எட்டுகிற கிளைகளில் மட்டும் செய்தால் போதும். தை, மாசியில் கவாத்து செய்து மரத்தைக் குட்டையாக வைத்தால் அடுத்த வருஷம் ஏணி இல்லாமலே வேலை முடியும்.