டிஸ்க்கில் இடமிருந்தும் ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’

கேள்வி: லினக்ஸ் சர்வரில் ஒரே யூசரின் கீழ் நிறைய கன்டெய்னர்கள் (தனித்தனி அடைப்புக்குள் ஓடும் புரோகிராம்கள்). புதிதாக ஒன்றைத் தொடங்கினால் தலைப்பில் உள்ள பிழை, அதாவது டிஸ்க் வரம்பு தாண்டிவிட்டது என்று வருகிறது. டிஸ்க் பாதி காலி. எங்கே பார்ப்பது?

பதில் 1: டிஸ்க்கை விடுங்க, இது கெர்னல் கீரிங் கோட்டா: பாஸ்வேர்டு, என்க்ரிப்ஷன் கீ போன்ற ரகசியத் தரவை (‘கீ’) லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் வைத்திருக்கும் தொகுப்புதான் கீரிங், அதற்கான வரம்புதான் நிரம்பியிருக்கு. ரூட் அல்லாத யூசருக்கு இயல்பு வரம்பு 200 கீ, 20,000 பைட். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனியாக ஒரு கீரிங் (செஷன் கீரிங்) உருவாகும், அதுவும் கணக்கில் சேரும். /ப்ராக்/கீ-யூசர்ஸ் கோப்பில் உங்கள் யூஐடி (யூசர் எண்) வரியில் 200/200 (பயன்பாடு/வரம்பு) நிற்கும்.

பதில் 2: அதே வரியின் கடைசி நெடுவரிசையான பைட்டையும் பாருங்க, கீயின் பெயர் நீளமும் அதில் சேரும். /ப்ராக்/சிஸ்/கெர்னல்/கீஸ் அடியில் மேக்ஸ்கீஸ் (கீ வரம்பு), மேக்ஸ்பைட்ஸ் (பைட் வரம்பு) இரண்டையும் சேர்த்தே உயர்த்துங்க: 2000, 2,00,000. கெர்னல் அமைப்புகளை நிலையாக வைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதாவிட்டால் ரீபூட்டில் பழைய எண்தான்.